இருபத்து மூன்று ரெக்கார்டு நோட்டு

பழி வாங்குவதற்காக யாராவது கல்லூரியில் சேருவார்களா? அவள் சேர்ந்தாள். முப்பத்தாறாவது வயதில், மின்னியல் மற்றும் மின்னணுவியல் பகுதி நேரப் பட்டயப் படிப்பில், நான்கு வருடத்துக்கு. சேர்க்கைப் படிவத்தில் ‘இப்படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம்’ என்ற கட்டத்தில் ‘பணி உயர்வு’ என்று எழுதினாள். பச்சைப் பொய்.

எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் பதினான்கு வருடமாக அவளுக்கு வேலை. கருகிய காயிலை வெட்டி எடுப்பாள். அதே கனத்தில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுவாள். மோட்டாரின் உள்பள்ளங்களான காடிகளில் காகிதம் வைத்துச் செருகி, வார்னிஷில் முக்கி எடுப்பாள். சுற்று எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் காயில் அக்கா. முதலாளிக்கு அடுத்தபடி அங்கே அவள்தான். அதற்கு மேல் உயர்வதற்குப் பட்டறையின் தகரக் கூரைதான் பாக்கி.

அவள் கணவன் அட்டைப் பெட்டி ஆலையில் வயர்மேனாக இருந்தான். இருந்தான் என்று எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது. உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே விறகு. விரல்கள் எதையோ பிடிக்கப் போனது போல மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மின்பேனலில் வேலை செய்தாலும் முதலில் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டை தன்னிடம் இருந்தால் வேறு எவனும் தெரியாமல் மின்சாரம் கொடுக்க முடியாது அல்லவா? விபத்து நடந்த அன்றும் அப்படித்தான் செய்தான். மருத்துவமனையில் அவனுடைய கிழிந்த சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்தபோது பை கனத்தது. உள்ளே மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு நாள் முன்பு, அவன் விடுப்பில் இருந்தபோது, ஜெனரேட்டரிலிருந்து அந்தப் பேனலுக்கு நேராக ஒரு கேபிள் இழுத்திருந்தார்கள். மின்வெட்டு வந்தாலும் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மின்சாரம் வராமல் தடுக்கும் பூட்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். அவன் முன்வாசலைச் சாத்திவிட்டு நிம்மதியாக உள்ளே கை வைத்தான். மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டர் ஓடியது. மின்சாரம் பின்வாசல் வழியாக வந்து அடித்தது.

மின் ஆய்வாளர் வருவதற்குள் கேபிள் காணாமல் போனது. கழற்றிய பூட்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆலை மின்பொறியாளர் அறிக்கை எழுதினார்: ‘ஃபியூஸை நீக்காமல் அஜாக்கிரதையாக வேலை செய்ததால் விபத்து.’ கீழே கையெழுத்து, நாய்க்குட்டி வால் போலச் சுருட்டி இழுத்து, அடியில் இரண்டு புள்ளி. அந்த மனிதருக்கு ஆலையில் ‘டிகிரி’ என்று பேர். “நான் டிகிரி ஹோல்டர்” என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாராம்.

அந்த ஒரு வரியில் அவள் கணவனுடைய வயர்மேன் உரிமம் போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தொழிலில் இருந்தவர்கள் வைத்த பெயரைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ‘பீஸ் பிடுங்காதவன்.’ புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம்கூட, “டேய், அந்தாளு மாதிரி கைய வெச்சிடாத” என்று சொல்லிச் சிரித்தார்கள். அவன் வெளியே போவதை நிறுத்தினான். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், நாளாக நாளாக ஜன்னலையும் சாத்திக்கொண்டான்.

அவள் மனு போட்டாள். மூன்று கட்டைகளையும் எடுத்துக்கொண்டு மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தாள். ஏழாவது தடவை அங்கிருந்த அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்:

“இந்தக் கட்டை எந்தக் கடையிலயும் கெடைக்கும்மா. இது டெக்னிக்கல் ரிப்போர்ட். உனக்குச் சொன்னாப் புரியாது. எதிர்த்துப் பேசணும்னா டெக்னிக்கலாத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வா.”

“யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன் சார். நானே வர்றேன்.”

“அதான் இப்பவே வந்திருக்கியேம்மா?”

“இன்னும் நாலு வருஷத்துல வர்றேன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அவள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அவள் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் நாத்தனார் வீட்டில் இருந்தாள். “என்ன அண்ணி, காலேஜா? பையில வாட்டர் பாட்டில் வெச்சிட்டீங்களா? பென்சில் சீவிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, “உன்னைப் பாத்துக்க ஆள் இல்ல, இதுல இவங்களுக்குப் படிப்பு வேற” என்றாள்.

“உங்க அண்ணனைப் பாத்துக்கத்தான் போறேன்” என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

பட்டறையில் எட்டு மணி நேரம், மாலையில் வகுப்பு, ஞாயிறு காலையில் ஆய்வகம். வகுப்பில் இருபத்து மூன்று பேர். மின்தூக்கி பழுதுபார்ப்பவன், மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓட்டுபவன், மின்கம்பத்தில் ஏறுபவன் என்று எல்லோருமே ஏதாவது ஒரு வேலையிலிருந்து வியர்வையோடு வந்தவர்கள். பெண் அவள் ஒருத்திதான். பக்கத்து இருக்கையில் மின்தூக்கிக்காரன். லிஃப்ட் தம்பி என்று கூப்பிடுவாள்.

மோட்டார் பாடம் வந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆசிரியர் மறந்ததைக்கூட எடுத்துக் கொடுப்பாள். கணக்கு வந்தால்தான் கண்ணீர் முட்டும். முதல் பருவத்தில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கித் தோற்றாள். “அக்கா, இதுக்கு ஏன் அழறீங்க? நானும்தான் பெயில். எங்க லிஃப்ட்கூட கீழ போய்ட்டுத்தானே மேல வரும்” என்றான் லிஃப்ட் தம்பி. அடுத்த பருவத்தில் அறுபத்தெட்டு வாங்கினாள். கணவன் அந்த மதிப்பெண் தாளை இடது கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். “எனக்காக இவ்ளோ கஷ்டப்படாதே” என்றான். அவனுக்காக மட்டும் என்றால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். அவளை விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்தது அந்தச் சுருட்டி இழுத்த கையெழுத்து.

மூன்றாம் வருடம். மின்திறன் ஆய்வகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் எடுக்க வெளியிலிருந்து ஒருவரை நியமித்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். கறுப்புச் சாயம் பூசிய தலை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். முதல் வரிசையிலிருந்த அவளுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் நாய்க்குட்டி வால் நாய்க்குட்டி வால்தான். அடியில் இரண்டு புள்ளி.

இத்தனை நாள் தேடிப் போக வேண்டும் என்று நினைத்த ஆள், தானே நடந்து வந்து எதிரே நிற்கிறான். அவருக்கு அவளைத் தெரியாது. மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்!

“நான் டிகிரி ஹோல்டர். இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரில இருந்தவன். புக்குல இல்லாததை எல்லாம் சொல்லித் தருவேன்” என்று ஆரம்பித்தார்.

‘சொல்லுங்க சார்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு அவள்தான் நல்ல மாணவி. கரும்பலகையைத் துடைத்து வைப்பாள். அவர் ஜோக் சொன்னால் முதல் ஆளாகச் சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், “விட்டுத் தொலை” என்பான். அவனுடைய சுபாவம் அது.

ஒரு ஞாயிறு காலை, மாற்றுச் சுவிட்சைப் பற்றிய பாடம். ஜெனரேட்டரும் வெளி மின்சாரமும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் அதே பூட்டைப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கை தூக்கினாள்.

“சார், நிஜமா எந்த ஃபேக்டரிலயாவது இதை எல்லாம் ஒழுங்கா வெக்கிறாங்களா? எனக்கென்னவோ புக்குல மட்டும்தான் இருக்கும்னு தோணுது.”

அவர் முகத்தில் ஒரு குஷி பரவியது. பழைய வீரப் பிரதாபம் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பை எந்தத் தொழிற்சாலை மனிதர்தான் விடுவார்?

“சரியாக் கேட்டேம்மா! அட்டைப் பெட்டி ஃபேக்டரில நான் இருந்தப்போ, அடிக்கடி பவர் கட். முதலாளி கத்துறாரு. நான் என்ன பண்ணேன்? இந்த இன்டர்லாக் பூட்டைக் கழட்டிட்டு ஜெனரேட்டர்ல இருந்து நேரா ஒரு கேபிள் இழுத்தேன். ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சேன். டிகிரி ஹோல்டர் மூளை!”

வகுப்பு சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். நல்ல கதை சொல்லிதான் அவர்.

“ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு வயர்மேன் கை வெச்சான். பாவம், அவன் மேல தப்பே இல்ல. மூணு பீஸையும் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுட்டுத்தான் நின்னான். பின்னாடி இருந்து சப்ளை வரும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கை போச்சு. அதனால ஒரு பேனல்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் செக் பண்ணணும். புரியுதா?”

புரிந்தது. அவளுக்கு இத்தனை வருடமாக ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. ஒருவேளை அந்த மனிதருக்குக் கட்டைகளைப் பிடுங்கிய விஷயம் தெரியாமலே இருந்திருக்குமோ? தெரியாமல் எழுதிவிட்டாரோ? அந்தச் சந்தேகம்தான் அவளுடைய கோபத்தில் அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தது. இப்போது அதுவும் இல்லை. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரரின் கை உனக்கு ஒரு பாடமா? சுவாரசியமான ஒரு உதாரணமா? நகம் உள்ளங்கையில் இறங்கியது. ஆனால் வாய் தேனாகப் பேசியது:

“சார், எவ்வளவு நல்ல உதாரணம்! நம்ம ரெக்கார்டுல ஆறாவது சோதனை காலியாத்தானே இருக்கு? அந்த மெஷின் ரிப்பேர்னு செய்யாம விட்டோம். அந்த இடத்துல இதை எழுதிக்கலாமா சார்? படத்தோட.”

சுற்றிலும் இருந்து இருபத்திரண்டு பெருமூச்சு வந்தது. “அக்கா! எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?” என்று லிஃப்ட் தம்பி காதருகே கெஞ்சினான்.

ஆசிரியருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. தன் அனுபவம் பாடமாகிறது என்றால் சும்மாவா? அங்கேயே நின்று நிறுத்தி நிதானமாகச் சொல்ல, எல்லோரும் எழுதினார்கள். எந்த மாதிரி ஆலை, எந்த வருடம், எந்த இயந்திரத்தின் பேனல், யார் கேபிள் இழுத்தது, வயர்மேன் என்ன செய்திருந்தான், எல்லாம். ஏழு பக்கம் வந்தது. அவள் தன் நோட்டில் அவர் சொல்லாத ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது அவளுடைய வார்த்தை ஆகிவிடும். அவளுக்கு வேண்டியது அவருடைய வார்த்தை.

ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வுக்குள் விட மாட்டார்கள். படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இருபத்து மூன்று நோட்டும் அவர் மேசையில் குவிந்தன. அவர் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ வீட்டுக் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசியபடி, லிஃப்ட் தம்பி பக்கங்களைப் புரட்டிக் கொடுக்கக் கொடுக்க, வாலைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தார். ஒரு வரி படிக்கவில்லை. தேதியும் போட்டார். துறை முத்திரையும் விழுந்தது.

அவள் அவசரப்படவில்லை. தேர்வு முடிந்து, மதிப்பெண் பட்டியல் வந்து, தனக்கு அவர் போட்ட தொண்ணூற்றிரண்டு பத்திரமாகக் கைக்கு வரும்வரை காத்திருந்தாள். அதன் பிறகு, நான்காம் வருடத்தில் ஒரு நாள் சக மாணவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். முதலில் லிஃப்ட் தம்பிதான் தன் நோட்டை எடுத்து நீட்டினான். “ஏழு பக்கம் எழுத வெச்சீங்கன்னு உங்களைத் திட்டினேன் அக்கா. என்னைச் செருப்பால அடிங்க.” அவளுடையதையும் சேர்த்துப் பதினேழு நோட்டு சேர்ந்தது. ஆறு பேர் பயந்தார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை.

அவள் பழைய மனுவை மறுபடி கொடுத்தாள். ஆய்வாளர் அலுவலகத்தில் இப்போது வேறோர் அதிகாரி. மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட பெண்மணி. விசாரணை நாளன்று அவர் எதிரே டிகிரி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து அவள் உள்ளே வந்ததும், “நீயாம்மா? நீ எங்க இங்க?” என்று சிரித்தே கேட்டார். அவள் மேசைமேல் பதினேழு நோட்டுகளை அடுக்கினாள். “நீங்க ரிப்போர்ட் எழுதின வயர்மேனோட சம்சாரம் சார்” என்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அதிகாரி முதல் கேள்வியை அவளிடமே கேட்டார். “அந்தப் பேனலுக்கு எப்படி சப்ளை வந்திருக்கும்? படம் போட்டுக் காட்டுங்க.”

அவள் தாளை வாங்கினாள். வெளி மின்சாரம், ஃபியூஸ், மாற்றுச் சுவிட்ச், ஜெனரேட்டர், கள்ளத்தனமாக இழுத்த கேபிள். ஒரே மூச்சில் போட்டு முடித்தாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், பிறகு நோட்டைத் திறந்து ஆறாவது சோதனையைப் படித்தார். இன்னொரு நோட்டு. மூன்றாவது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஒரே வால்.

“இது உங்க கையெழுத்துதானே சார்?”

டிகிரிக்கு வியர்த்தது. “மேடம், பசங்க என்னத்தையோ எழுதியிருக்காங்க. ரெக்கார்டை எல்லாம் யாரு மேடம் படிக்கிறாங்க? எல்லா ஸ்டாஃபும் கண்ண மூடிட்டுத்தான் சைன் போடுவோம்.”

“ஓ. படிக்காமலே சைன் போடுவீங்க.” அதிகாரி பழைய விபத்து அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினார். “அப்போ இதுலயும் அப்படித்தான் போட்டீங்களா?”

ஆமாம் என்றால் அறிக்கை செல்லாது. இல்லை என்றால் தெரிந்தே எழுதிய பொய். அவர் அறிக்கையை அதிகாரி பக்கமே திரும்பத் தள்ளினார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த லிஃப்ட் தம்பியை அதிகாரி கூப்பிட்டார். “இதை இவர் கிளாஸ்ல சொன்னாரா?”

“சொன்னாரு மேடம். நடிச்சே காட்டினாரு.”

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. பழைய அறிக்கை ரத்து. வயர்மேன் மீது தவறு இல்லை. உரிமம் திரும்ப வழங்கப்படுகிறது. கணவன் அந்தத் தாளை இடது கையால் மார்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி விசும்பினான். நாத்தனார்கூட ஓடி வந்து, “அண்ணின்னா அண்ணிதான்” என்றாள். அன்றைக்கே அவள் இரண்டாவது மனுவை எழுதினாள். டிகிரியின் மின் மேற்பார்வையாளர் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி.

அது தெரிந்ததும் அவர் பட்டறை தேடி வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

“எனக்கு இன்னும் ஆறு வருஷம் வேலை இருக்கும்மா. அந்த சர்டிஃபிகேட் போச்சுன்னா எந்த ஃபேக்டரியும் என்னை உள்ள விடாது.”

“தெரியும் சார். எங்க வீட்டுக்காரரையும் விடல.”

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க. அன்னிக்குத்தான் வயர்மேன் எல்லாரும் மோட்டார் எடுக்க வருவாங்க. அவங்க முன்னாடி நடந்ததைச் சொல்லுங்க.”

சனிக்கிழமை பட்டறை முற்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கணவனை அவள் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். டிகிரி நடுவில் நின்று, தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“சத்தமா சார். லேத் ஓடுது, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

முதலாளி தானே எழுந்து போய் லேத்தை நிறுத்தினார்.

“அவரு... அவரு பீஸைப் பிடுங்கிட்டுத்தான் வேலை பாத்தாரு. கேபிள் இழுத்தது நான். பொய் எழுதினதும் நான்.”

கூட்டத்திலிருந்த ஒரு வயதான வயர்மேன், அந்தக் கேலிப் பெயரை முதன்முதலில் வைத்தவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வந்து கணவனின் மடங்கிய விரல்களைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். கணவன் தலையை மட்டும் ஆட்டினான். அப்புறம் டிகிரியைப் பார்த்து, “தண்ணி குடிக்கிறீங்களா சார்?” என்று கேட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டு டிகிரி அவளிடம் வந்தார். “சொல்லிட்டேன்மா. அந்த மனுவை எப்ப வாபஸ் வாங்குற?”

“வாபஸ் வாங்குறேன்னு நான் எப்ப சார் சொன்னேன்?”

“என்னம்மா இது! அதுக்காகத்தானே நான்...”

“என்ன செய்யணும்னு கேட்டீங்க. சொன்னேன். செஞ்சீங்க. முப்பது சாட்சி இருக்கு, வீட்டுக்குப் போங்க.”

அவர் தள்ளாடித் தெருமுனை திரும்பும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

வீட்டில் கணவன் மெதுவாக ஆரம்பித்தான். “போதும் விடு. அந்தாளு மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேன். அதைவிட மோசமான மூஞ்சிய இந்த ஜன்னல் பக்கம் அஞ்சு வருஷம் பாத்திருக்கேன்.”

“எனக்கு என் பேர் திரும்பி வந்துடுச்சு. அது போதும்.”

“உங்களுக்குப் போதும். மனு என் பேர்ல இருக்கு.”

அவன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கடைத்தெரு வரை நடந்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். அவள் அவனைத் தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. திங்கட்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. செவ்வாய்க்கிழமை இரண்டாவது மனுவின் விசாரணை. இரண்டுக்கும் ஒரே பாடம்தான். புத்தகத்தை விரித்து உட்கார்ந்தாள்.